சிங்களச் சொல்லைத் தட்டினா தமிழ் வரணும்: சேர்வர் பதில் கொடுக்குது, எக்ஸ்டென்ஷன் கையில வந்து சேரல

கொமினிக்கேசன் தம்பி · ஹட்டன் · திங்கள், இரவு 9.40

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே.

ஹட்டன்ல சின்னதா ஒரு கொமினிக்கேசன் வச்சிருக்கேன். போட்டோகொப்பி, ரீலோட், லேமினேட், அப்புறம் பெரும்பாலும் படிவம் நிரப்பிக் கொடுக்கிற வேலை. தோட்டத்துல இருந்து பஸ் ஏறி வர்றவங்க போன்ல ஒரு லிங்கைக் காட்டி "தம்பி, இது என்ன கேக்குது?"ம்பாங்க. திறந்தா முழுக்கச் சிங்களம். மேல தமிழ்னு ஒரு பட்டன் இருக்கும், அமுக்கினா திரும்பவும் சிங்களமே வரும். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்கவும் வரும். ஆனா ஒபிஸ் சிங்களம் வேற. "சக்ரலேகய"ன்னா சுற்றுநிருபம்னு கடை போட்டு மூனாவது வருசம்தான் தெரிஞ்சுது. அதுவரைக்கும் ஏதோ சக்கரம்னு நெனச்சிட்டிருந்தேன்.

அப்படி ஒவ்வொன்னா சீஆர் கொப்பியில எழுதி வச்சது இப்ப 4,200 சொல்லுக்கு வந்திருச்சு. தங்கச்சி எல்லாத்தையும் எக்செல்ல ஏத்திக் கொடுத்தா. நண்பன் ஒருத்தனோட ஹோஸ்டிங்ல அதைப் போட்டு, சொல்லைக் கொடுத்தா அர்த்தத்தைத் திருப்பித் தர்ற மாதிரி செஞ்சிட்டேன். அப்புறம் க்ரோம் பிரவுசரோட ஒட்டி வேலை செய்யிற சின்ன நிரல் ஒன்னு, எக்ஸ்டென்ஷன். எந்தப் பக்கத்துலயும் சிங்களச் சொல்லை ரெண்டு தரம் தட்டினா, பக்கத்துல சின்ன மஞ்சள் பெட்டியில தமிழ் வரணும். அவ்வளவுதான்.

வரல. டெவலப்பர் கன்சோல்ல சிவப்பா ஒரு வரி, கோர்ஸ் பொலிசியால (ஒரு தளம் இன்னொரு தளத்தோட தரவைப் படிக்கிறதுக்கான விதி) தடுத்தாச்சுங்குது. ஆனா சேர்வர் லொக்கைப் பாத்தா ஒவ்வொரு தட்டலுக்கும் 200, 200, 200னு விழுந்து கிடக்கு. சேர்வர் கொடுத்திட்டேங்கிறான், பிரவுசர் கிடைக்கலேங்கிறான். நடுவுல எவன் எடுத்தான்?

அதே முகவரியை மேல அட்ரஸ் பார்ல ஒட்டினா ஜம்முனு வருது. ரெண்டு ராத்திரி போச்சு. போன்ல இருந்து தட்டுறேன், கோட் ஒட்ட முடியல. வாயால கேளுங்க, சொல்றேன்.

மஸ்கெலியா மழை · திங்கள், இரவு 9.52

சேர்வர்ட்ட கேக்கிற ஃபெட்ச் வரியில மோட் நோ-கோர்ஸ்னு போடுங்க ப்ரோ. சிவப்பு போயிடும்.

கொமினிக்கேசன் தம்பி · திங்கள், இரவு 10.15

போட்டேன். சிவப்பு போச்சு. பெட்டியும் வருது. உள்ள ஒன்னும் இல்ல. ஸ்டேட்டஸ் பூச்சியம்னு காட்டுது.

பழைய மொடம் · பண்டாரவளை · திங்கள், இரவு 11.05

தம்பி, சேர்வரும் பொய் சொல்லவில்லை, பிரவுசரும் பொய் சொல்லவில்லை.

தோட்டத்தில் வளர்ந்திருந்தால் தபால் எப்படி வரும் என்று தெரிந்திருக்கும். லயத்து வீட்டுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து ஒபிசுக்கு வரும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்து தந்தால்தான் உண்டு. அனுப்பியவர் அனுப்பிவிட்டார், தபால் கந்தோரும் சேர்த்துவிட்டது, ஆனால் உங்கள் கையில் இல்லை. இங்கே அந்த ஒபிஸ் பிரவுசர்தான். கோர்ஸ் என்பது கேள்வி போவதைத் தடுப்பது அல்ல. உங்களுடையது போன்ற சாதாரணக் கேள்வி சேர்வர் வரைக்கும் போய்விடும், பதிலும் பிரவுசருக்கு வந்துவிடும். அந்தப் பதிலின் தலைப்பில் "இன்ன தளத்திலிருந்து கேட்பவர் படிக்கலாம்" என்று சேர்வர் எழுதியிருக்கிறதா என்று பிரவுசர் பார்க்கும். எழுதவில்லை என்றால் ஸ்கிரிப்ட் கையில் கொடுக்காது. உங்கள் லொக்கில் 200 விழுவது அதனால்தான். அட்ரஸ் பாரில் நீங்களே போய்க் கேட்கிறீர்கள், அங்கே இன்னொரு தளம் நடுவில் இல்லை. அதனால் இந்தச் சோதனையும் இல்லை.

மழை சொன்ன நோ-கோர்ஸ் என்பது "பதில் எனக்குத் தேவையில்லை, கேட்டால் போதும்" என்று நீங்களே எழுதிக் கொடுப்பது. பிரவுசர் உறையை மட்டும் காட்டும். பூச்சியம் என்று வந்தது அந்த உறைதான். பத்து வருடமாக ஒவ்வொரு மன்றத்திலும் இந்த அறிவுரையைப் பார்க்கிறேன். அதனால் வேலை முடிந்தவர் ஒருவரையும் கண்டதில்லை.

எனக்கு இரண்டு விசயம் தெரியவேண்டும். ஃபெட்ச் எந்த ஃபைலில் இருக்கிறது? எக்ஸ்டென்ஷனின் விவரக் கோப்பான மேனிஃபெஸ்ட்டில், எந்த முகவரிகளுக்கு அனுமதி என்று சொல்லும் ஹோஸ்ட் பெர்மிஷன்ஸ் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?

கொமினிக்கேசன் தம்பி · செவ்வாய், காலை 6.30

பக்கத்துக்குள்ளயே ஓடுற கொன்டென்ட் ஸ்கிரிப்ட்லதான் அண்ணே, எல்லாமே ஒரே ஃபைல். ஹோஸ்ட் பெர்மிஷன்ஸ்னு ஒன்னு நான் எழுதவே இல்ல. 2019ல போட்ட ஒரு வீடியோவைப் பாத்து செஞ்சேன். அதுல அப்படித்தான் செஞ்சாங்க, அவங்களுக்கு வேலை செய்யுது.

பழைய மொடம் · செவ்வாய், காலை 7.10

அவர்களுக்கு 2019இல் வேலை செய்திருக்கும். அப்போது கொன்டென்ட் ஸ்கிரிப்ட் கேட்டாலும் எக்ஸ்டென்ஷனே கேட்ட மாதிரி எடுத்துக்கொண்டு, அனுமதி வாங்கிய முகவரி என்றால் க்ரோம் கதவைத் திறந்துவிட்டது. 2020 ஓகஸ்டில் வந்த க்ரோம் 85 அந்தக் கதவை மூடியது. இப்போது கொன்டென்ட் ஸ்கிரிப்ட் எந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கமே கேட்டதாகத்தான் கணக்கு. நெருப்புநரியிலும் (ஃபயர்ஃபொக்ஸ்) மேனிஃபெஸ்ட் மூன்றில், அதாவது எக்ஸ்டென்ஷன் விதிகளின் மூன்றாம் பதிப்பில், இதே சட்டம்தான்.

ஏன் மூடினார்கள் என்றால், கொன்டென்ட் ஸ்கிரிப்ட்டுக்கென்று தனி வீடு கிடையாது. பக்கத்தின் ஸ்கிரிப்ட்டும் அதுவும் ஒரே ப்ரொசஸ்ஸில், ஒரே கூரைக்குக் கீழே. நடுவில் இருப்பது லயத்துக் காம்பராச் சுவர் மாதிரி ஒரு தடுப்பு. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்று இரண்டு ஓட்டைகள் வெளியே வந்தபோது எல்லாருக்கும் அது உறைத்தது. ஒரே ப்ரொசஸ்ஸுக்குள் இருக்கிற நினைவகத்தை, அனுமதியே இல்லாமல், நேரத்தை அளந்து அளந்து வாசித்துவிடலாம். அந்த வருடமே க்ரோம் 67இல் ஒவ்வொரு தளத்துக்கும் தனி ப்ரொசஸ் என்று பிரித்தார்கள். பிரித்தும் ஒரு பொந்து மிஞ்சியது. கெட்ட தளம் ஒன்று தன் ப்ரொசஸ்ஸைக் கைப்பற்றிவிட்டு, "நான்தான் இங்கே இருக்கிற எக்ஸ்டென்ஷன்" என்று சொல்லி உங்கள் அனுமதியில் எதையும் வரவழைக்கலாம். அதைத்தான் அடைத்தார்கள்.

உங்கள் வேலைக்கு வழி இதுதான்: ஃபெட்ச்சை, எந்தப் பக்கத்திலும் சேராமல் பின்னணியில் தனியாக ஓடும் பேக்ரவுண்ட் ஸ்கிரிப்ட்டுக்கு மாற்றுங்கள். ஹோஸ்ட் பெர்மிஷன்ஸில் உங்கள் நண்பரின் அந்த ஒரு முகவரியை மட்டும் எழுதுங்கள். கொன்டென்ட் ஸ்கிரிப்ட் சொல்லை மெசேஜாக பேக்ரவுண்டுக்கு அனுப்பட்டும். பேக்ரவுண்ட் கேட்டு வாங்கிப் பதிலைத் திருப்பிக் கொடுக்கட்டும்.

மஸ்கெலியா மழை · செவ்வாய், காலை 7.25

இவ்வளவு எதுக்கு? சேர்வர்ல எல்லாரும் படிக்கலாம்னு ஒரு ஸ்டார் (*) போட்டா முடிஞ்சுதே. இல்லாட்டி ஃப்ரீ ப்ரொக்சி இருக்கு, முன்னால ஒட்டினா கோர்ஸ் எல்லாம் பறந்திடும். க்ரோம் ஷோர்ட்கட்ல வெப் செக்யூரிட்டியை நிப்பாட்டுறதுக்கும் ஒரு ஃப்ளேக் இருக்கு.

பழைய மொடம் · செவ்வாய், காலை 7.48

ஸ்டார் போடுவதில் பெரிய தப்பில்லை. அது சொற்பட்டியல், இரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் கேள்வி கொன்டென்ட் ஸ்கிரிப்ட்டிலிருந்தே போனால், வாடிக்கையாளர் எந்தத் தளத்தில் இருக்கிறார் என்பதும் ஒரிஜின் தலைப்பில் சேர்ந்து போகும். சேர்வருக்கு அது எதற்கு?

ப்ரொக்சி வேண்டவே வேண்டாம். யார் நடத்துகிறார்கள் என்று தெரியாத ஒருவர் கை வழியாக எல்லாம் போய்வரும். அந்தக் கடையில் நாள் முழுக்க அடையாள அட்டை இலக்கம் தட்டுகிறார்கள்.

ஃப்ளேக்: உங்கள் வீட்டில், தனிப் ப்ரொஃபைலில், சோதனைக்கு என்றால் போடுங்கள். சனங்கள் வந்து வங்கிக் கணக்கைத் திறக்கிற மெசினில் போட்டால் நான் ஹட்டனுக்கு பஸ் ஏறி வருவேன்.

பதுளை ரயில் · செவ்வாய், மதியம் 12.20

மொடம் ஐயா சொல்றது எல்லாம் சரி, ஆனா ஒரு பக்கத்தை மட்டும் சொல்றார். இந்தப் "பாதுகாப்பு"ங்கிற பெயர்லதான் மேனிஃபெஸ்ட் மூன்றைக் கொண்டு வந்தாங்க. விளம்பரத் தடுப்பான்கள் ஒவ்வொரு கோரிக்கையையும் நிப்பாட்டிப் பாத்து முடிவெடுத்த வசதியை க்ரோம் எடுத்திட்டு, முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிற விதிப் பட்டியலா மாத்திச்சு. நான் வருசக்கணக்கா வச்சிருந்த யூப்ளொக் ஒரிஜின் என் க்ரோம்ல அணைஞ்சு போச்சு. டேட்டாவை எண்ணி எண்ணி வாங்குற எங்களுக்கு விளம்பர வீடியோ ஓடுறது காசு. விளம்பரம் விக்கிற கம்பனியே பிரவுசரும் செஞ்சா பாதுகாப்பு யாருக்கு?

பழைய மொடம் · செவ்வாய், மதியம் 1.05

அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் இரண்டு விசயத்தை ஒரே சாக்கில் கட்டுகிறீர்கள். கோரிக்கையை இடைமறித்துத் தடுக்கிற வசதியை நெருப்புநரி மேனிஃபெஸ்ட் மூன்றிலும் விட்டு வைத்திருக்கிறது. அதே நெருப்புநரி, கொன்டென்ட் ஸ்கிரிப்ட்டுக்கு கோர்ஸ் சட்டத்தை மட்டும் போட்டது. விளம்பரம் விற்காதவர்களும் அதே முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்றால் அந்த ஒரு விசயத்திலாவது காரணம் உண்மையானது.

பதுளை ரயில் · செவ்வாய், மதியம் 1.11

அதை ஒத்துக்கிறேன். மத்ததை ஒத்துக்கல.

கொமினிக்கேசன் தம்பி · செவ்வாய், இரவு 8.30

அண்ணே வந்திருச்சு!!! "அயதும்பத"ன்னு தட்டினேன், மஞ்சள் பெட்டியில "விண்ணப்பப் படிவம்". கடையில இருந்த ஒரு பெரியம்மா, "என்னடா தம்பி தனியா சிரிக்கிற"ன்னாங்க.

முதல்ல "பதில் வர முன்னம் மெசேஜ் வழி மூடிருச்சு"ன்னு ஒரு எரர் வந்திச்சு. மெசேஜைக் கேக்கிற ஃபங்ஷன் கடைசியில ட்ரூன்னு திருப்பி அனுப்பணும், இல்லாட்டி க்ரோம் காத்திருக்காதுன்னு தேடிக் கண்டுபுடிச்சேன். பேக்ரவுண்டை எதுக்கும் உதவுற மாதிரி எழுதிட்டேன். கொன்டென்ட் ஸ்கிரிப்ட் எந்த முகவரியை அனுப்பினாலும் அது போய் எடுத்திட்டு வரும். நாளைக்கு வேற சேர்வருக்கு மாத்தினாலும் அதுல கை வைக்கத் தேவையில்ல பாருங்க. அதுக்குத் தோதா ஹோஸ்ட் பெர்மிஷன்ஸ்லயும் எல்லா முகவரியும்னு போட்டுட்டேன்.

பழைய மொடம் · செவ்வாய், இரவு 8.41

தம்பி, கடையைத் திறந்து போட்டுவிட்டுச் சாவியையும் வாசலில் தொங்கவிட்டிருக்கிறீர்கள்.

கெட்ட பக்கம் ஒன்று கொன்டென்ட் ஸ்கிரிப்ட் மாதிரி நடிக்கும் என்றேனே? அதைத் தடுக்கத்தான் க்ரோம் 85 அந்தக் கதவை மூடியது. நீங்கள் அதே கதவை பேக்ரவுண்டில் சொந்தக் கையால் திறந்திருக்கிறீர்கள். நடிக்கிற பக்கம் ஒரு வாடிக்கையாளரின் மின்னஞ்சல் பெட்டி இருக்கிற தளத்தின் முகவரியை அனுப்பி "இதை எடுத்து வா" என்றால் உங்கள் பேக்ரவுண்ட் எடுத்து வரும். எல்லாத் தளத்துக்கும் அனுமதி வாங்கிய எக்ஸ்டென்ஷன் குக்கியையும் சேர்த்து அனுப்ப முடியும். அவர் லொக்-இன் ஆகியிருந்தால் உள்ளே இருப்பதும் வரும்.

மெசேஜில் சொல் மட்டும் வரட்டும். முகவரியை பேக்ரவுண்ட் தானே கட்டட்டும்: உங்கள் சேர்வர், உங்கள் பாதை, கடைசியில் என்கோட் செய்த சொல். வந்தது சிங்கள எழுத்துத்தானா, நீளம் ஐம்பதுக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெர்மிஷன் பழையபடி ஒரே முகவரி.

"நான் நல்லவன், என் எக்ஸ்டென்ஷனை நான்தானே எழுதினேன்" என்று நினைப்பீர்கள். 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்ற பாதுகாப்புக் கம்பனியின் எக்ஸ்டென்ஷனுக்கே நடந்தது. நத்தாருக்கு முதல் நாள் அவர்கள் ஆள் ஒருவரை ஃபிஷிங் மின்னஞ்சல் ஒன்றால் ஏமாற்றி, ஸ்டோரில் அவர்கள் பெயரிலேயே கெட்ட வேர்ஷனை ஏற்றினார்கள். பாவித்தவர்களுக்கு அது தானாகவே அப்டேட் ஆனது. அந்த மாதிரி நாளில், எக்ஸ்டென்ஷன் கையில் எத்தனை சாவி இருந்ததோ அத்தனை வீடும் போகும்.

கொமினிக்கேசன் தம்பி · புதன், காலை 10.20

மாத்திட்டேன் அண்ணே. ராத்திரி திட்டு வாங்கினது நல்லதுதான்.

இன்னும் ரெண்டு கேள்வி. ஒன்னு: ஒருதரம் கேட்ட சொல்லைத் திரும்பக் கேக்காம இருக்க பேக்ரவுண்ட்ல ஒரு வேரியபிள்ல சேத்து வச்சேன். தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து பாத்தா காலி. ரெண்டு: அதே "சக்ரலேகய" ஒரு தளத்துல வேலை செய்யுது, இன்னொன்னுல "சொல் இல்லை"ங்குது. கண்ணால பாத்தா ரெண்டும் ஒரே எழுத்து. எழுத்தெழுத்தா ஒப்பிட்டுப் பாத்திட்டேன்.

பதுளை ரயில் · புதன், காலை 10.55

முதலாவது, பேக்ரவுண்ட் இப்ப சர்வீஸ் வர்க்கர். 30 செக்கன் வேலை இல்லாட்டி க்ரோம் அதை அணைச்சிடும், அடுத்த மெசேஜ்ல புதுசா எழுப்பும். வேரியபிள் எல்லாம் அதோட போச்சு. ஸ்டோரேஜ்ல எழுதுங்க. பதில் வரவே 30 செக்கனுக்கு மேல எடுத்தாலும் வெட்டிடும். மழை நாள்ல எங்க பக்கம் சிக்னலுக்கு அது சாதாரணம். அதனால எரர் வந்தா திரும்பக் கேக்கிற மாதிரி எழுதுங்க.

ரெண்டாவது, எனக்குப் புடிச்ச வியாதி. சக்ரவுல அந்த "க்ர" இருக்கே, அதை எழுத சிங்கள யூனிகோட்ல மெய்க்குறிக்கும் ரகரத்துக்கும் நடுவுல கண்ணுக்குத் தெரியாத ஒட்டு எழுத்து ஒன்னு வரணும், சுழிய அகல இணைப்பான்பாங்க. சில தளங்கள் கொப்பி பேஸ்ட்லயோ வடிகட்டுறப்பவோ அதை உதிர்த்திடும். சில ஃபொன்ட்ல வித்தியாசமே தெரியாது. "ஸ்ரீ"யிலயும் அதே கதை. உங்க பட்டியல்லயும் சரி, தட்டின சொல்லுலயும் சரி, ஒப்பிட முதல் அந்த எழுத்தை எடுத்துப் போட்டுட்டு ஒப்பிடுங்க.

கொமினிக்கேசன் தம்பி · புதன், காலை 11.30

அண்ணே!! சொல்லோட நீளத்தை அளந்து பாத்தேன். ஒன்னு 9, மத்தது 8. ஒரு எழுத்து ஒளிஞ்சு கிடந்திருக்கு. இப்ப ரெண்டு தளத்துலயும் வருது.

வேணுங்கிறவங்களுக்கு ஃபைலைத் தர்றேன், போட்டுப் பாத்துச் சொல்லுங்க.

டீச்சர் அக்கா · தலவாக்கலை · புதன், மாலை 4.45

தம்பி, எங்க ஸ்கூலுக்கு வர்ற பாதிச் சுற்றுநிருபத்தை நான்தான் மொழிபெயர்த்து நோட்டீஸ் போர்ட்ல ஒட்டுறேன். அதனால ஆசையா எடுத்தேன். போடப் போனா, "எல்லா இணையத்தளங்களிலும் உள்ள உங்கள் தரவை எல்லாம் வாசிக்கவும் மாற்றவும்"னு அனுமதி கேட்டுச்சு. பயந்து கென்சல் பண்ணிட்டேன். ஒரே ஒரு முகவரி போதும்னு பேசினீங்களே?

இன்னொன்னு. நான் தட்டுற சொல் எங்க போகுது? என் சம்பளப் பக்கத்துல ஒரு சொல்லைத் தட்டினா அதுவும் உங்க நண்பர்ட்ட போகுமா? தப்பா எடுக்க வேணாம், தெரிஞ்சுக்கக் கேக்கிறேன்.

பழைய மொடம் · புதன், மாலை 5.20

அக்கா கேட்டது சரியான கேள்வி. பேக்ரவுண்ட் கேட்பதற்கு ஒரு முகவரி போதும். ஆனால் எந்தப் பக்கத்தில் தட்டினாலும் வேலை செய்ய, கொன்டென்ட் ஸ்கிரிப்ட்டை எல்லாப் பக்கத்திலும் ஏற்றுகிறார் தம்பி. அதற்குத்தான் அந்த எச்சரிக்கை. க்ரோம் மிகைப்படுத்தவில்லை, அந்த அனுமதியில் அது அத்தனையும் செய்ய முடியும்.

இரண்டாவது கேள்விக்குத் தம்பிதான் பதில் சொல்லவேண்டும்.

கொமினிக்கேசன் தம்பி · புதன், இரவு 11.50

அக்கா, உங்க கேள்வியை வாசிச்சிட்டு, கடையைப் பூட்டினப்புறம் லொக்கைத் திறந்து பாத்தேன். இத்தனை நாளும் 200 விழுதான்னு மட்டுந்தான் பாத்தேன். சொல்லைப் பாக்கல.

கடையில மூனு மெசின்லயும் இதைப் போட்டிருந்தேன். இன்னைக்கு மத்தியானம் ரெண்டு மணியில இருந்து வரிசையா இருக்கு, நேரத்தோட: "திக்கசாத". அப்புறம் "பாரகார". அப்புறம் "நடத்து". திரும்பவும் "நடத்து". விவாகரத்து, பாதுகாவலர், பராமரிப்புச் செலவு. அர்த்தம் எழுதினதே நான்தானே, எனக்குத் தெரியாதா. பேர் ஒன்னும் இல்ல, ஐபி என் கடையோடது. ஆனா ரெண்டு மணிக்கு மூனாவது மெசின்ல யார் இருந்தாங்கன்னு எனக்குத் தெரியும். பிள்ளையை மடியில வச்சிட்டு இருந்தாங்க. என்கிட்ட ஒன்னுமே கேக்கல, தானாவே தட்டித் தட்டிப் படிச்சிட்டு 60 ரூபா கொடுத்திட்டுப் போனாங்க. கேக்கக் கூடாதுன்னுதான் கேக்காம இருந்திருக்காங்க.

சேர்வரை நண்பன்ட்ட இருந்து எடுத்து கடைக்குள்ளயே வைக்கப் போறேன்.

கொமினிக்கேசன் தம்பி · வியாழன், காலை 9.15

பழைய மெசின் ஒன்னைச் சேர்வராக்கி, ரவுட்டர்ல 192.168.1.20 கொடுத்தேன். க்ரோம்ல வருது. நெருப்புநரி வச்சிருக்கிற மெசின்ல வரல. முகவரியை எச்டிடிபின்னுதான் எழுதியிருக்கேன், அது தானா எச்டிடிபிஎஸ்ஸா மாத்திக் கேக்குது. பைத்தியமா அதுக்கு?

பதுளை ரயில் · வியாழன், காலை 9.40

பைத்தியம் இல்ல. மேனிஃபெஸ்ட் மூன்றுல நெருப்புநரி எக்ஸ்டென்ஷனுக்குத் தானா போடுற பாதுகாப்புக் கொள்கையில "பாதுகாப்பில்லாத கோரிக்கையை உயர்த்து"ன்னு ஒரு வரி சேத்திருக்கு. உங்க சொந்தக் கொள்கையை மேனிஃபெஸ்ட்ல எழுதி அந்த வரி இல்லாம விட்டா மாறாது.

ஆனா அதைச் செய்ய முதல் ஒன்னு கேக்கிறேன். நாங்க எல்லாரும் நாலு நாளா மெக்கானிக் மாதிரி கீழ படுத்துக் கிடக்கிறோம். 4,200 சொல்லு, அர்த்தத்தோட, எத்தனை கேபி?

கொமினிக்கேசன் தம்பி · வியாழன், காலை 9.44

340.

பதுளை ரயில் · வியாழன், காலை 9.46

வட்ஸ்அப்ல வர்ற காலை வணக்கப் படத்தை விடக் கொஞ்சந்தான் கூட. அதுக்கு ஒரு சேர்வர், கோர்ஸ், ப்ரொக்சிச் சண்டை, சர்வீஸ் வர்க்கர் தூக்கம். பட்டியலை எக்ஸ்டென்ஷனுக்குள்ளயே போட்டுடுங்க. எந்தக் கோரிக்கையும் வெளிய போகாது. ஹோஸ்ட் பெர்மிஷன்ஸ் வரியையே அழிச்சிடலாம். சிக்னல் இல்லாத டிவிசன்லயும் வேலை செய்யும்.

பழைய மொடம் · வியாழன், காலை 10.02

எனக்கு வெட்கமாக இருக்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டேன். ரயிலுக்கு என் தேத்தண்ணி ஒன்று கடன்.

இரண்டு குறிப்பு மட்டும். பட்டியலை பேக்ரவுண்ட் வாசிக்கட்டும், கொன்டென்ட் ஸ்கிரிப்ட் வாசிக்க வேண்டாம். அது வாசிக்க வேண்டுமென்றால் அந்த ஃபைலைப் பக்கங்களுக்கும் திறந்துவிட வேண்டிவரும். அதை வைத்தே ஒரு தளம், இவரிடம் இந்த எக்ஸ்டென்ஷன் இருக்கிறது என்று மோப்பம் பிடிக்கலாம்.

அடுத்தது, இரண்டு தரம் தட்டுவதை விடுங்கள். சொல்லைத் தெரிவுசெய்து ரைட் கிளிக், மெனுவில் "தமிழில்" என்று வைத்தால், தெரிவுசெய்த சொல்லை பிரவுசரே உங்கள் பேக்ரவுண்டுக்குக் கொண்டுவந்து தரும். அக்டிவ் டேப் என்ற அனுமதியால் அந்த ஒரு பக்கத்தில், அந்த நேரத்துக்கு மட்டும், பெட்டியைக் காட்டலாம். அக்கா பயந்த எச்சரிக்கை வரவே வராது.

மஸ்கெலியா மழை · வியாழன், காலை 10.30

புதுச் சொல்லு சேத்தா ஒவ்வொரு தரமும் புது வேர்ஷனா? ஒரு லிங்க்ல இருந்து இறக்கினா என்ன?

பழைய மொடம் · வியாழன், காலை 10.41

இறக்கலாம். மேனிஃபெஸ்ட் மூன்றில் தடை வெளியிலிருந்து கோட் கொண்டுவந்து ஓட்டுவதற்குத்தான், தரவுக்கு இல்லை. மாதம் ஒரு தரம் முழுப் பட்டியலையும் ஒரே மூட்டையாக இறக்கினால் யார் எந்தச் சொல்லைப் பார்த்தார் என்று சேர்வருக்குத் தெரியாது. மழை, இந்த இழையில் உங்களுடைய முதல் நல்ல யோசனை.

மஸ்கெலியா மழை · வியாழன், காலை 10.42

ஸ்டார் போடச் சொன்னதும் நல்ல யோசனைதான். நீங்களே பெரிய தப்பில்லைன்னீங்க.

கொமினிக்கேசன் தம்பி · சனி, இரவு 10.10

முடிஞ்சுது. ரைட் கிளிக், "தமிழில்", பெட்டி. கன்சோல்ல நெட்வேர்க் பக்கத்தைத் திறந்து வச்சிட்டு நூறு சொல்லு தட்டிப் பாத்தேன், ஒரு வரியும் விழல. ரவுட்டரை அணைச்சிட்டும் பாத்தேன், அர்த்தம் வருது. போடுறப்ப அனுமதின்னு ஒன்னுமே கேக்கல. வீடியோ பாத்து எழுதின 180 வரி இப்ப 60.

சேர்வர்ல இருந்த லொக்கை அழிச்சிட்டேன். ஹோஸ்டிங்ல வாராவாரம் பேக்கப் எடுக்கிற மாதிரி போட்டிருக்கிறதா நண்பன் முன்னம் சொன்னான். அதுலயும் அந்த ஃபைல் கிடக்கும். அழிக்கச் சொல்லி மெசேஜ் போட்டிருக்கேன். அவன் வெளிநாட்டுல, ஷிஃப்ட் வேலை. ரெண்டு டிக் விழுந்திருக்கு, நீலமாகல.

டீச்சர் அக்கா · ஞாயிறு, காலை 7.05

போட்டுட்டேன் தம்பி. நேத்து வந்த சுற்றுநிருபத்துல பதினாலு சொல்லுக்கு அர்த்தம் வந்துச்சு, மூனு வரல. "அனுமத" தட்டினா "அங்கீகரிக்கப்பட்ட"ன்னு வருது, "அனுமெத்திய" வரல. அது "அங்கீகாரம்". மத்த ரெண்டையும் பேப்பர்ல எழுதி வச்சிருக்கேன், செவ்வாய்க்கிழமை ஹட்டனுக்கு வர்றப்ப கடையில தர்றேன்.